ஜெட் இன்ஜினுக்கு ஏன் சைலன்சர் இல்லை?

"பைக்குக்கு சைலன்சர் இருக்கிறது, கல்யாண மண்டப ஜெனரேட்டருக்குக் கூட இருக்கிறது. இவ்வளவு பெரிய ஜெட் இன்ஜினுக்கு மட்டும் ஏன் ஒன்று மாட்டக் கூடாது? அப்புறம், போயிங் 787 இன்ஜினின் பின்விளிம்பை ரம்பப் பல் மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்களே, அது அழகுக்கா?" என்பது கேள்வி.

நான் இன்ஜின் வடிவமைத்தவன் இல்லை. விமானப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன். காதுக்குள் ஒரு அடைப்பான், அதற்கு மேல் ஒரு காதுமூடி என்று இரண்டையும் போட்டுக்கொண்டு வேலை பார்த்த ஆள். அதனால் இந்தச் சத்தத்தோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பதில் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சைலன்சர். பைக்கில் சத்தம் பிறப்பது இன்ஜினுக்குள். சிலிண்டரில் எரிந்த புகை துடிப்புத் துடிப்பாக வெளியே வருகிறது. வரும் வழியில் ஒரு டப்பாவை வைத்து, உள்ளே அறை அறையாகத் தடுத்து, அந்தத் துடிப்புகளை ஒன்றோடொன்று மோதவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜெட்டின் பேரிரைச்சல் அப்படிப்பட்டதல்ல. அது இன்ஜினுக்குள் பிறப்பதே இல்லை. சூடான காற்று பின்வாயை விட்டுப் பாய்ந்த பிறகு, சும்மா நிற்கும் வெளிக்காற்றோடு உரசிக் கலக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. வாயின் விட்டத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு இந்தக் கலப்பு நீளும். விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னச் சுழிகள் உண்டாகும், அவை 'உஸ்' என்று சீறும். பின்னால் போகப் போகச் சுழிகள் பெரிதாகும், சீற்றம் முழக்கமாக மாறும். பழைய விமானங்கள் தலைக்கு மேலே கடந்து போன பிறகு ஜன்னல் கண்ணாடி அதிருமே, அது இந்த முழக்கத்தின் வேலை. சத்தம் பிறக்கும் இடம் இன்ஜினுக்குப் பின்னால் வெட்டவெளியில் இருக்கிறது. சைலன்சரை எங்கே மாட்டுவது?

1952-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் லைட்ஹில், பாயும் காற்று எப்படிச் சத்தம் எழுப்புகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 28. அவருக்குக் கிடைத்த விடையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஜெட்டின் ஒலிச் சக்தி அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கோடு ஏறுகிறது. இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்றால் பழகிய விஷயம். எட்டாம் அடுக்கு என்றால், வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே ஒலிச் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். பாதி வேகத்துக்கு இறக்கினால் 256-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் விமானத்தைத் தள்ளும் விசையும் போய்விடுமே? விசையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வாயின் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 64-ல் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல் குறைவு. பத்து டெசிபல் இறங்கினால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால், 18 எவ்வளவு பெரிய இறக்கம் என்று புரியும்.

வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தலை உலர்த்தும் டிரையரும் காற்றைத் தள்ளுகிறது, சீலிங் ஃபேனும் தள்ளுகிறது. டிரையர் கொஞ்சம் காற்றைச் சின்ன வாய் வழியாக வேகமாகத் துப்புகிறது, பக்கத்தில் நின்று பேச முடியாது. சீலிங் ஃபேன் அறை நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுகிறது, அதன் கீழே குழந்தை தூங்குகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிலே இதைச் சுற்றித்தான் போகிறது. விசை என்பது எவ்வளவு காற்று, அதை எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறோம் என்ற இரண்டின் பெருக்கல். ஆற்றல் செலவோ வேகத்தின் இரண்டாம் அடுக்கோடு ஏறும். இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் விசை அதேதான், ஆனால் பின்னால் காற்றில் விட்டுவிட்டுப் போகும் ஆற்றல் பாதி. ஆக, எரிபொருளை மிச்சம் பிடிக்க என்ன செய்ய வேண்டுமோ, சத்தத்தைக் குறைக்கவும் அதையேதான் செய்ய வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கடந்த அறுபது வருடங்களில் விமானச் சத்தம் குறைந்ததில் பெரும்பங்கு, பெட்ரோலியச் செலவைக் குறைக்கப் போன இடத்தில் கூடவே கிடைத்த லாபம் என்பது என் கட்சி. எங்கே அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லையோ, அங்கே சட்டம் வந்து கழுத்தைப் பிடித்த பிறகுதான் சத்தம் குறைந்தது.

முதலில் வந்த ஜெட் விமானங்கள் டிரையர் ஜாதி. உள்ளே போன காற்று முழுவதும் எரிந்து, பயங்கர வேகத்தில் பின்னால் வந்தது. 1958-ல் போயிங் 707 நியூயார்க்கின் ஐடில்வைல்டுக்கு, இன்றைய கென்னடி விமான நிலையத்துக்கு, வரத் தயாரானபோது அந்த ஊரின் துறைமுக ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: 112 பிஎன்டிபி-க்கு மேல் போகக் கூடாது. இந்த அலகு சாதாரண டெசிபல் இல்லை. மீட்டரில் ஒரே எண் காட்டினாலும் புரொப்பெல்லர் விமானத்தைவிட ஜெட்டின் கீச்சொலி மக்களுக்கு அதிக எரிச்சலைக் கொடுத்தது. கார்ல் கிரைட்டர் என்ற ஆய்வாளர் ஆட்களை உட்கார வைத்து, சத்தங்களைக் கேட்க வைத்து, எது எவ்வளவு தொல்லை என்று அவர்கள் சொன்னதை வைத்து இந்த அளவை உருவாக்கினார். மெஷினுக்குப் பதில் மனிதக் காதை நடுவராக்கிய அளவு என்று சொல்லலாம். இன்று வரை விமானச் சான்றிதழில் பயன்படுவது இதன் வாரிசுதான்.

அந்த 112-க்குள் அடங்குவதற்காக போயிங் என்ன செய்தது தெரியுமா? சைலன்சர் மாட்டியது. ஆமாம், நீங்கள் கேட்ட அதே சைலன்சர். 707-ன் ஒரே பெரிய பின்வாயை எடுத்துவிட்டு, இருபதுக்கும் மேற்பட்ட சின்னக் குழாய்களாகப் பிரித்தார்கள். பழைய படங்களில் பார்த்தால் இடியாப்ப அச்சு மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸில் கிரேட்ரெக்ஸ் என்ற பொறியாளர் பின்வாயைப் பூவிதழ் மாதிரி மடிப்பு மடிப்பாகச் செய்தார், அது காமெட் 4 விமானத்தில் போனது. இரண்டின் நோக்கமும் ஒன்றுதான். வெளிக்காற்று இடுக்குகளில் புகுந்து சீக்கிரம் கலக்க வேண்டும், பெரிய சுழிகள் உருவாகவே விடக் கூடாது. சின்னச் சுழிகள் எழுப்பும் கீச்சொலியைக் காற்று வழியிலேயே தின்றுவிடும், தரைக்கு வருவது குறையும். சில டெசிபல் குறையத்தான் செய்தது. பதிலுக்கு எடை கூடியது, விசை குறைந்தது, எரிபொருள் வீணானது. விமானக் கம்பெனிகள் பல்லைக் கடித்துக்கொண்டு பறக்கவிட்டன. பைலட்டுகள், சத்தத்தை அளக்கும் மைக்ரோஃபோன் இருக்கும் இடம் வரும்போது த்ராட்டிலைக் குறைத்து, அதைத் தாண்டியதும் கூட்டுவார்கள். நேர்மையாகச் சொன்னால், அந்த வழக்கம் மெருகேறி இன்று அதிகாரபூர்வமான புறப்பாட்டு முறையாகவே ஆகிவிட்டது.

அந்தச் சைலன்சர்கள் ஏன் மறைந்தன? இன்ஜினையே சீலிங் ஃபேனாக மாற்றிவிட்டார்கள், அதனால். முன்னால் ஒரு பெரிய விசிறி. உள்ளே எரிகிற பகுதி சின்னது. அங்கே எரிந்த காற்றில் சுழலும் டர்பைன் சக்கரம் விசிறியைச் சுழற்றுகிறது. விசிறி தள்ளும் காற்றில் கொஞ்சம்தான் உள்ளே போய் எரிகிறது, மீதி எரியாமல், சூடாகாமல், வெளிப்புறமாகச் சுற்றிப் போய்விடுகிறது. இந்த இரண்டின் விகிதத்துக்குத்தான் பைபாஸ் விகிதம் என்று பெயர். பயணிகள் விமானத்தில் முதலில் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் கான்வேயில் அது அரைப் பங்கு கூட இல்லை. 727, 737-200 ஆகியவற்றில் இருந்த ஜேடி8டி-யில் ஏறக்குறைய 1. 1970-ல் ஜம்போ 747-ஓடு வந்த ஜேடி9டி-யில் 5. இன்று ஏர்பஸ் ஏ320 நியோவில் மாட்டும் லீப் இன்ஜினில் 11, பிராட் அண்ட் விட்னியின் கியர் வைத்த இன்ஜினில் 12. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் பக்கம் மொட்டை மாடியில் பழைய 737-ஐயும் இப்போதைய நியோவையும் கேட்டவர்களுக்கு இந்த எண்களை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி டிசி-8. பழைய நான்கு இன்ஜின் விமானம், 707-க்குப் போட்டியாக வந்தது. 1982-ல் அதே உடம்பில் பழைய இன்ஜின்களைக் கழற்றிவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த சிஎஃப்எம்56 இன்ஜின்களை மாட்டினார்கள். இறக்கை அதே, உடல் அதே, சக்கரம் அதே. ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த விமானம், அன்றைய மிக அமைதியான பெரிய விமானங்களில் ஒன்றாகிவிட்டது. எரிபொருளும் கணிசமாகக் குறைந்தது. பின்வாயில் யாரும் சைலன்சர் எதுவும் மாட்டவில்லை, முக்கியமாக மாறியது காற்றைத் தள்ளும் விதம்.

சரி, விசிறி வந்தது, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஜெட் முழக்கம் தணிந்ததும் அதன் பின்னால் ஒளிந்திருந்த மற்ற சத்தங்கள் வெளியே வந்தன. டெசிபல் கணக்கு விசித்திரமானது. 90 டெசிபலும் 90 டெசிபலும் சேர்ந்தால் 180 இல்லை, 93. 90-ம் 80-ம் சேர்ந்தால் 90.4. பெரியது கத்திக்கொண்டிருக்கும்வரை சின்னதை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. பெரியதை அடக்கிய மறுநாள் சின்னதுதான் புதுப் பெரியது. இந்தத் துறையின் வரலாறே, சத்தமாகப் பேசும் மாமாவை உட்கார வைத்ததும் அத்தை பேச ஆரம்பிப்பது மாதிரிதான்.

விசிறியின் சத்தம் இரண்டு விதம். டேக்-ஆஃபில் விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது பிளேடுகளின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பிளேடும் ஒரு அதிர்ச்சி அலையை முன்னால் அனுப்பும். பிளேடுகள் எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது, மயிரிழை வித்தியாசம் இருக்கும், அதனால் அலைகளும் சமமாக இருக்காது. விளைவு, மரம் அறுக்கும் மெஷின் மாதிரி ஒரு 'ர்ர்ர்'. இறக்கைக்கு முன்னால் உட்கார்ந்து பறந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். முதல் தடவை கேட்பவர்கள் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று பயந்துபோவார்கள். கோளாறு எதுவும் இல்லை, அதன் குரலே அப்படித்தான்.

இன்னொரு சத்தம் லேண்டிங்கில் கேட்கும் சீழ்க்கை. ஓடத்துக்குப் பின்னால் நீர்த்தடம் விழுவது போல ஒவ்வொரு பிளேடுக்குப் பின்னாலும் காற்றில் ஒரு தடம் விழும். விசிறிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடுகள் இருக்கின்றன, சுழன்று வரும் காற்றை நேராக்குவதற்காக. தடங்கள் அந்தத் தகடுகளில் ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கும். 737-ன் சிஎஃப்எம்56-7பி இன்ஜினில் 24 பிளேடுகள். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று என்றால் நொடிக்கு 2,000 தடவை அடிக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சுருதி வந்து உட்காருகிறது.

இதைக் குறைக்கத் தகடுகளை விசிறியிலிருந்து தள்ளி வைத்தார்கள், தடம் கொஞ்சம் மங்கிய பிறகு அடிக்கட்டும் என்று. விசிறிக்கு முன்னால் இருந்த தகடுகளை எடுத்தே விட்டார்கள். ஆனால் உண்மையான சாமர்த்தியம் எண்ணிக்கையில் இருந்தது. பிராட் அண்ட் விட்னியைச் சேர்ந்த டைலர், சாஃப்ரின் என்ற இருவர் 1962-ல் இதைக் கண்டு எழுதினார்கள். பிளேடுகளும் தகடுகளும் சேர்ந்து குழலுக்குள் ஒரு சுழலும் அழுத்தக் கோலத்தை உண்டாக்குகின்றன. இரண்டு கொசுவலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நகர்த்தினால் புதிதாக ஒரு கோலம் ஓடுமே, அதே கதை. 24 பிளேடுக்கு 26 தகடு வைத்தால் வித்தியாசம் இரண்டு. இரண்டு மேடுகள் மட்டும் உள்ள கோலம் உண்டாகி, விசிறியைவிடப் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அது ஒலியின் வேகத்தை எளிதாகத் தாண்டிவிடும், சத்தம் ஜோராக வெளியே வரும். அதுவே தகடுகள் 50 என்றால் வித்தியாசம் 26. கோலம் விசிறியைவிட மெதுவாகத்தான் சுற்றும். ஒலியைவிட மெதுவாகச் சுற்றும் கோலம் குழலின் வாய் வரை வந்து சேராது, உள்ளேயே தேய்ந்து செத்துவிடும். ஆக, பிளேடுகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தகடு வை, அடிப்படைச் சீழ்க்கை குழலுக்குள்ளேயே மடியும். புதிதாக ஒரு கருவி இல்லை, பணச் செலவும் பெரிதாக இல்லை, வெறும் எண்ணிக்கை. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது அதிசயமாகத்தான் இருக்கிறது. டேக்-ஆஃபில் நுனிகள் ஒலியைத் தாண்டும்போது இந்தத் தந்திரம் வலுவிழந்துவிடும். விமானம் மெதுவாக, தாழ்வாக வீடுகளுக்கு மேலே வரும் லேண்டிங்கில்தான் இது பெரிய துணை.

மிச்சம் இருப்பதை உறிஞ்ச, இன்ஜின் கூட்டின் உள்சுவரில் ஒலியுறிஞ்சிப் பலகை ஒட்டியிருப்பார்கள். ஏணிப்படியில் ஏறும்போது இன்ஜின் வாயின் உள்பக்கத்தைப் பாருங்கள், வழவழப்பாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசித் துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். துளைத் தகட்டுக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி அறைகள், அதற்குப் பின்னால் மூடிய தகடு. சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி வருகிறது இல்லையா? ஒவ்வொரு தேன்கூட்டு அறையும் அப்படி ஒரு குட்டி பாட்டில். தன் சுருதிக்கு ஒத்த சத்தம் வந்தால் துளை வழியாகக் காற்று உள்ளேயும் வெளியேயும் முட்டி மோதி, அந்த ஆற்றல் சூடாகக் கரைந்துபோகும். அறையின் ஆழம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர், கால் பங்கு நான்கு சென்டிமீட்டர் சொச்சம். அது கூட்டின் தடிமனுக்குள் அடங்கும். 200 ஹெர்ட்ஸ் முழக்கத்தை இதே முறையில் பிடிக்க நாற்பது சென்டிமீட்டருக்கும் மேலே வேண்டும். அதற்கு இடம் ஏது?

இந்தப் பலகைகளை நாங்கள் காசால் தட்டித்தான் பார்ப்போம். நன்றாக ஒட்டியிருந்தால் 'டிங்' என்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் 'டப்' என்று மந்தமாகக் கேட்கும். தேங்காய் வாங்குவது மாதிரிதான். ரிப்பேர் செய்யும்போது பிசினோ பெயின்டோ துளைகளை அடைத்துவிடக் கூடாது. எவ்வளவு பரப்பு வரை அடைபடலாம் என்பதற்குக் கையேட்டில் வரம்பே உண்டு. விமானம் பத்திரமாகத்தான் பறக்கும், ஆனால் சத்தச் சான்றிதழுக்குப் பொருந்தாமல் போய்விடும்.

இப்போது ரம்பப் பல். அதற்குச் செவ்ரான் என்று பெயர். நாசாவும் போயிங்கும் இன்ஜின் கம்பெனிகளும் சேர்ந்து 2001-லும் 2005-லும் உண்மையான விமானங்களில் பறக்கவிட்டுச் சோதித்தன. 787-லும் 747-8-லும் அது வந்தது. கொள்கை, கிரேட்ரெக்ஸ் செய்த பூவிதழ் வாயின் பேரன். ஒவ்வொரு பல்லும் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும், அதன் ஓரங்களில் சின்னச் சுழிகள் கிளம்பி உள்காற்றையும் வெளிக்காற்றையும் பதமாகப் பிசைந்துவிடும். பெரிய முழக்கம் உருவாவதற்குள் கலப்பு முடிந்துவிடும். இதனால் தரையில் இருப்பவர்களுக்கு லாபம். உயரத்தில் பறக்கும்போது பின் கேபினில் கேட்கும் உறுமலும் குறைவதால், உடற்சுவருக்குள் திணிக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தலாம் என்பது கம்பெனியின் கணக்கு.

அப்படியென்றால் எல்லா விமானத்திலும் இருக்க வேண்டுமே? ஏர்பஸ் ஏ350-ல் இல்லை. போயிங்கே 787-க்குப் பிறகு உருவாக்கிய 777எக்ஸ்-லும் இல்லை. பற்கள் கொஞ்சம் விசையைத் தின்கின்றன. கொஞ்சம் என்றாலும் பதினைந்து மணி நேரப் பயணத்தில், ஒவ்வொரு நிமிடமும் தின்கின்றன. சத்தத்தால் தொல்லை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும்தான். பைபாஸ் விகிதம் பத்தைத் தொட்ட பிறகு வெளியே வரும் காற்று ஏற்கெனவே நிதானமாகிவிட்டது, பற்களால் கிடைக்கும் லாபமும் சுருங்கிவிட்டது. சூடானால் வளைந்து நிமிரும் உலோகத்தில் பல் செய்து, டேக்-ஆஃபில் மட்டும் உள்ளே வளையட்டும், மேலே போனதும் நேராகட்டும் என்று 2005 சோதனையில் முயன்றும் பார்த்தார்கள். அது பயணிகள் விமானத்துக்கு வந்து சேரவில்லை. எரிபொருளும் சத்தமும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

சட்டம் நுழைந்தால் கதை மாறும். அமெரிக்கா 1969-ல் விமானச் சத்தத்துக்கு வரம்பு விதித்தது, 1971-ல் சர்வதேச விதி வந்தது. ஒவ்வொரு விமான மாடலையும் மூன்று இடத்தில் வைத்து அளப்பார்கள்: ரன்வேக்குப் பக்கவாட்டில் 450 மீட்டர், ஓட்டம் தொடங்கிய புள்ளியிலிருந்து 6.5 கிலோமீட்டர், இறங்கும்போது ரன்வே விளிம்புக்கு 2 கிலோமீட்டர் முன்னால். வரம்பு படிப்படியாக இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. 2006-லிருந்து மூன்று இடமும் சேர்த்து 10 டெசிபல் குறைத்தார்கள், 2017-லிருந்து பெரிய விமானங்களுக்கு இன்னும் 7. அமெரிக்காவில் பழைய சத்தக்கார ஜெட்களுக்கு 1999 டிசம்பர் 31 கெடு வைத்தார்கள். அப்போது 727-களுக்கும் 737-200-களுக்கும் 'ஹஷ்கிட்' என்று ஒன்றை மாட்டினார்கள். உள்காற்றையும் பைபாஸ் காற்றையும் கூட்டுக்குள்ளேயே கலக்கும் மடிப்பு, கூடவே கொஞ்சம் ஒலியுறிஞ்சிப் பலகை. எடை கூடியது, எரிபொருள் கூடியது, தேர்வில் முப்பத்தைந்து மார்க் வாங்குவது மாதிரி சட்டத்தை ஒட்டித் தேறின. ஐரோப்பா அவற்றைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று அமெரிக்காவோடு சண்டையே போட்டது. என் பார்வையில் ஐரோப்பா பக்கம்தான் நியாயம்.

சட்டம் கூட இல்லை, ஒரே ஒரு விமான நிலையத்தின் இரவு விதி ஒரு இன்ஜினின் விட்டத்தையே மாற்றிய கதையும் உண்டு. லண்டன் ஹீத்ரோவில் 1993 முதல் இரவு விமானங்களுக்குப் புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் சத்தத்தைப் பொறுத்துப் புள்ளி, மூன்று டெசிபல் கூடினால் புள்ளி இரட்டிப்பு. ஒரு சீசனுக்கு இவ்வளவு புள்ளிதான் என்று ரேஷன். ஜம்போ 747-400 புறப்பட 4 புள்ளி. ஏர்பஸின் இரண்டடுக்கு விமானமான ஏ380-ஐ வாங்க வந்த விமானக் கம்பெனிகள், எங்களுக்கு 2 புள்ளிக்குள் வேண்டும் என்று கேட்டன. ஏ380 அந்த ஜம்போவைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் எடை அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். அதற்காக இன்ஜின் விசிறியை, எரிபொருள் சிக்கனத்துக்கு ஏற்ற அளவைத் தாண்டிப் பெரிதாக்கினார்கள். கொஞ்சம் எரிபொருள் போனால் போகட்டும் என்று தெரிந்தே செய்தார்கள். ஒலியுறிஞ்சிப் பலகையையும் ஒட்டுப்போடாமல் ஒரே வளையமாகச் செய்தார்கள். வழக்கமாகச் சில துண்டுகளாக ஒட்டுவார்கள். ஒட்டு விழும் இடத்தில் துளை இருக்காது, சுழன்று வரும் அழுத்தக் கோலம் அந்த மூட்டில் பட்டுச் சிதறி, செத்துப்போக வேண்டிய சத்தம் உயிர் பெற்று வெளியே வந்துவிடும். ஏ380 சேவைக்கு வந்த புதிதில் கேபின் எவ்வளவு அமைதி என்றால், பின்னால் ஓய்வறையில் படுத்த பைலட்டுகள், பயணிகள் பேசுவதும் குழந்தை அழுவதும் கேட்டுத் தூக்கம் வரவில்லை என்று புகார் சொன்னார்கள்.

இன்று நவீன விமானம் இறங்கும்போது கேட்பதில் பெரும்பங்கு இன்ஜினே இல்லை. சக்கரங்கள், அவற்றின் கம்பிகள், இறக்கையின் பின்விளிம்பில் விரித்த ஃபிளாப்புகள் ஆகியவை காற்றைக் கிழிக்கும் சத்தம். இதில் ஏ320 குடும்பத்தின் கதை சுவாரசியமானது. அது இறங்கி வரும்போது வெகு தூரத்திலிருந்தே ஒரு ஊளை கேட்கும். தேடிப் பார்த்தால், இறக்கையின் அடிப்பக்கத்தில் எரிபொருள் டேங்கின் அழுத்தத்தைச் சமன் செய்யும் வட்டத் துளைகள். அவற்றின் குறுக்கே காற்று ஓடும்போது சோடா பாட்டில் மாதிரி ஊதிக்கொண்டிருந்தன. இன்ஜின் சுவரில் சத்தத்தைத் தின்பதும் பாட்டில், இறக்கையடியில் சத்தத்தை உண்டாக்குவதும் பாட்டில். துளைக்கு முன்னால் உள்ளங்கையளவு ஒரு தகட்டை ஒட்டி, காற்றைக் கொஞ்சம் குலைத்துவிட்டால் ஊளை நின்றுவிடும். 2014-ல் லுஃப்தான்சா முதலில் ஆரம்பித்தது, பிறகு மற்றவர்களும் ஒட்டினார்கள். கோடிக்கணக்கில் இன்ஜின் ஆராய்ச்சி ஒரு பக்கம், இந்தச் சின்னத் தகடு ஒரு பக்கம்.

பிராட் அண்ட் விட்னி கியர் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறி பெரிதாகப் பெரிதாக அதன் நுனி வேகம் எகிறும், அதை மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் அதை ஓட்டும் டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக வேலை செய்யும். ஒரே தண்டில் இரண்டும் இருந்தால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் மூன்றுக்கு ஒன்று கியரை வைத்து அந்தச் சண்டையைத் தீர்த்தார்கள். 2016-ல் ஏ320 நியோவில் வந்தது. மற்ற பாகங்களில் அந்த இன்ஜின் கொடுத்த தலைவலிகள் தனிக் கதை, ஆனால் சத்தத்தில் அது குறை சொல்ல முடியாத இன்ஜின்.

இனி? விசிறியை இன்னும் பெரிதாக்கலாம், ஆனால் அதைச் சுற்றியுள்ள கூடும் பெரிதாகும். கூட்டின் எடையும் காற்றுத் தடையும், விசிறி தரும் லாபத்தைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் கூட்டையே கழற்றிவிடலாம் என்கிறார்கள். புது யோசனை இல்லை. 1986-ல் ஜெனரல் எலக்ட்ரிக் அப்படி ஒரு திறந்த விசிறி இன்ஜினை 727-ல் மாட்டிப் பறக்கவிட்டது. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு வரிசைப் பிளேடுகள். எரிபொருள் விலை இறங்கியதும் மூட்டை கட்டி வைத்தார்கள். 2021-ல் சிஎஃப்எம் கம்பெனி, இன்றைய இன்ஜின்களைவிட இருபது சதவீதத்துக்கு மேல் எரிபொருள் குறையும் என்ற இலக்கோடு மறுபடி தொடங்கியிருக்கிறது. கூடு இல்லையென்றால் தேன்கூட்டுப் பலகை ஒட்டச் சுவர் இல்லை, கோலத்தை உள்ளேயே சாகடிக்கக் குழலும் இல்லை. நான் மேலே சொன்ன தந்திரங்களில் பாதி ஒரே அடியில் போய்விடும். அறுபது வருடமாக ஒன்றாக வந்த எரிபொருளும் சத்தமும் இங்கே பிரிந்து நிற்கின்றன. அதனால்தான் இந்தத் தடவை ஒரே ஒரு வரிசைப் பிளேடுகளை மட்டும் சுற்றவிட்டு, பின் வரிசையை அசையாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.